கிணற்று நீருக்குக் கணக்கு

வைகை உற்பத்தியாகும் வருஷநாட்டுப் பள்ளத்தாக்கிலே, மயிலாடும்பாறைக் குடியானவரைக் கிணற்றின் ஆழம் கேட்டால் உடனே சொல்லுவார். மோட்டாரின் குதிரைத் திறனும் சொல்லுவார். மணிக்கு எத்தனை லிட்டர் இறைக்கிறதென்றால், “குழாய் நிறைய” என்பார். குற்றம் அவருடையதன்று. 1990 முதல் விவசாய மின்சாரம் இலவசமாயிருக்கக் கணக்கெடுக்க அவசியம் ஏது?

ஆனால் கூட்டுக் கிணற்றைப் பாருங்கள். பங்காளிகள் மணிக்கணக்கில் முறை வைத்து இறைக்கிறார்கள். ஊற்று வற்றும் சித்திரையில் முதல் மணியின் நீரும் நான்காம் மணியின் நீரும் ஒன்றாகுமா? நேரம் சமம், நீர் சமமன்று. வழக்குகள் பிறப்பது இங்கேதான்.

இதை அளக்க விலையுயர்ந்த யந்திரம் வேண்டுவதில்லை. 200 லிட்டர் பீப்பாய் 40 விநாடியில் நிரம்பினால் விநாடிக்கு 5 லிட்டர், மணிக்கு 18,000. அல்லது தொட்டியின் வாயில் தொண்ணூறு பாகை முக்கோணமாக வெட்டிய தகரத்தை நிறுத்துக. வெட்டின் அடிமுனைக்கு மேல், தகரத்துக்குச் சற்றுப் பின்னே, அலையற்ற நீர் 10 செண்டிமீட்டர் நின்றால் விநாடிக்குச் சுமார் 4.4 லிட்டர். 5 செண்டிமீட்டரானால் பாதியென்று எண்ணற்க. ஐந்திலொரு பங்குகூட இராது.

அளவு வந்தால் பின்னே வரி வருமென்று ஜனங்கள் அஞ்சுகிறார்கள். அச்சம் நியாயமே. 2003ல் இயற்றிய நிலத்தடி நீர்ச் சட்டம் 2013ல் ரத்தாயிற்று. மேலிருந்து வரும் கட்டளைக்கு ஆயுள் அவ்வளவே. ஆகவே ஊராட்சி தகரத்தை வெட்டிக் கொடுக்கட்டும். கணக்குப் புத்தகம் சர்க்கார் கச்சேரியிலல்ல, பங்காளிகளின் வீட்டிலேயே இருக்கட்டும்.