கண்டறியும் நாற்காலி யாருக்கு?

கோயம்புத்தூரில் கரும்புக்கு ஓர் ஆராய்ச்சி நிலையம் 1912-லேயே வந்துவிட்டது. நூற்பாலைகளுக்காகத் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம், ஊர் வழக்கில் ‘சிட்ரா’, 1956-ல் தொடங்கியது. இங்கிருந்த வேளாண் கல்லூரி 1971-ல் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. பறவைகளை ஆராய 1990-ல் தொடங்கிய சாலிம் அலி மையம் ஆனைகட்டியில் இருக்கிறது. பயிருக்கும் நூலுக்கும் பறவைக்கும் இத்தனை நிலையங்களைக் கண்ட ஊரில், மனிதர் பிழைப்பைப் பற்றிய கேள்விகளுக்கு மட்டும் ஓர் இடம் இல்லை. விசைத்தறிக் கூலி உயர்வு பேசி முடித்த பிறகும் ஏன் கைக்கு வருவதில்லை? மின்சார நிலைக்கட்டணம் ஏறினால் ஒரு சிறு பட்டறை எத்தனை மாதம் தாங்கும்? நொய்யலில் மிஞ்சியிருக்கும் தண்ணீர் யாருக்கு? இவற்றை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து அரசிடமும் மக்களிடமும் சொல்வதற்கென்று, சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைப் போன்ற ஒன்று கொங்கு மண்ணில் இன்னும் எழவில்லை. எழ வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அதன் தலைமையில் யார் இருப்பார் என்பதுதான் என் கவலை.

அப்படி ஒரு நிலையம் என்று பேச்சை எடுத்தால் இடம், கட்டடம், பணம் என்ற கணக்குதான் முதலில் வரும். கல்லூரிகளையும் மருத்துவமனைகளையும் அறக்கட்டளைகளைக் கொண்டே எழுப்பிப் பழகிய வட்டாரத்துக்கு இவை பெரிய தடைகள் அல்ல. இயக்குநர் யார் என்பதைக் கடைசியாக, ஓய்வுபெற்ற பெரிய மனிதர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு முடிவு செய்வார்கள். அங்கேதான் பிழை தொடங்குகிறது. ஒரு கொள்கை ஆராய்ச்சி நிலையம் எந்தக் கேள்வியைக் கேட்கும், எதைக் கேட்காமல் விடும் என்பதை அதன் தலைவர் அதுவரை வாழ்ந்த வாழ்க்கை பெருமளவு தீர்மானிக்கிறது. அதற்காக அவர் பொய் சொல்வார் என்று பொருளில்லை. நாற்பது ஆண்டுகள் கோப்பு பார்த்தவருக்குத் திட்டம் கண்ணில் படும். ஆலை நடத்தியவருக்குச் செலவு கண்ணில் படும். கட்சி நடத்தியவருக்கு வாக்கு கண்ணில் படும். தறிக்காரர் வீட்டுக் கடன் கணக்கு கண்ணில் பட வேண்டுமென்றால், அதைத் தேடிப் போன பழக்கம் உள்ளவர் வேண்டும்.

இதற்கான பாடம் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்தே கிடைக்கிறது. செங்குட்டைப்பாளையத்தில் 1910-ல் பிறந்த சி. சுப்பிரமணியம் 1964-ல் மத்திய உணவு, வேளாண் அமைச்சரானார். அப்போது இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் நிர்வாகத் தலைமை ஆட்சிப்பணி அதிகாரிகளின் கையில் இருந்தது. பயிர் விஞ்ஞானி வயலில் நின்றார். எந்த ஆராய்ச்சி நடக்க வேண்டும் என்பதை, நாளை வேறு துறைக்கு மாற்றலாகிப் போகக்கூடிய அதிகாரி முடிவு செய்தார். அமெரிக்க வேளாண் விஞ்ஞானி மரியன் பார்க்கர் தலைமையிலான மதிப்பீட்டுக் குழு, இந்த அமைப்பையே மாற்றச் சொன்னது. சுப்பிரமணியம் மாற்றினார். துருநோயைத் தாங்கும் கோதுமை ரகங்களை உருவாக்கிய பி.பி. பால் 1965-ல் கழகத்தின் முதல் தலைமை இயக்குநரானார். அதே ஆண்டு பிறந்த வேளாண் விலைக் குழுவுக்கு எம்.எல். தாந்த்வாலா என்ற பொருளியல் பேராசிரியர் தலைவரானார். அடுத்த ஆண்டு மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதையை இறக்குமதி செய்யும் துணிவு அரசுக்கு வந்ததில், அறிந்தவர்களின் சொல் அதிகாரத்தோடு மேசைக்கு வந்ததற்குப் பெரும் பங்கு உண்டு. பசுமைப் புரட்சியின் பின்விளைவுகளைப் பற்றி எனக்கும் கேள்விகள் உண்டு. அவை வேறொரு கட்டுரைக்கு உரியவை. இங்கே கவனிக்க வேண்டியது சுப்பிரமணியத்தின் விவேகம். அவர் சட்டம் படித்த அரசியல்வாதி. முடிவெடுக்கும் நாற்காலி தன்னுடையது என்றும், கண்டறியும் நாற்காலி தன்னுடையதல்ல என்றும் அவருக்குத் தெரிந்திருந்தது.

இந்தத் தெளிவு நம் மாநிலத்தில் நிலைக்கவில்லை. 1971-ல் அமைந்த மாநிலத் திட்டக் குழுவுக்கு முதலமைச்சரே தலைவர். அன்றாடத் தலைமை துணைத் தலைவருடையது. 2006-க்குப் பிறகு அந்தப் பொறுப்புக்கு வந்தவர்களைப் பாருங்கள். மு. நாகநாதன், சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர். சாந்தா ஷீலா நாயர், ஓய்வுபெற்ற ஐஏஎஸ் அதிகாரி. சி. பொன்னையன், முன்னாள் நிதியமைச்சர், நம் கொங்குப் பகுதி அரசியல்வாதி. 2021-ல் வந்த ஜெ. ஜெயரஞ்சன், கள ஆய்வில் ஊறிய பொருளியலாளர். ஒவ்வொருவரும் தத்தம் துறையில் தகுதி உள்ளவர்களே. ஆனால் பதினைந்து ஆண்டுகளில் ஒரே நாற்காலிக்கு நான்கு வெவ்வேறு பாதைகளிலிருந்து ஆள் வந்தால், அந்த நாற்காலி எதற்கு என்பதை அரசு இன்னும் முடிவு செய்யவில்லை என்றே கொள்ள வேண்டியிருக்கிறது. 2021-ல் அமைந்த குழுவில் டிராக்டர் நிறுவனத் தலைவர், சித்த மருத்துவர், மண்ணியல் அறிஞர், ஓய்வுபெற்ற அதிகாரி, சட்டமன்ற உறுப்பினர், பரதக் கலைஞர் எனப் பலரும் இடம்பெற்றது நல்ல விரிவு. அந்தப் பட்டியலில் ஒரு தொழிற்சங்கத் தலைவரும் இருந்திருக்கலாம், இல்லை.

தலைவரின் முன்வாழ்வு எப்படிக் கேள்வியை மாற்றும் என்பதற்கு ஜெயரஞ்சனே சான்று. 1990களில் திருப்பூர் பனியன் தொழிலை இத்தாலியின் சிறுதொழில் வட்டங்களோடு ஒப்பிட்டுப் பலரும் மகிழ்ந்துகொண்டிருந்தபோது, சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் பத்மினி சுவாமிநாதனும் அவரும் சேர்ந்து, அந்த ஒப்பீடு உண்மையில் பொருந்துமா என்று ஆய்வுத் தாள் எழுதினார்கள். அதே ஜெயரஞ்சன் பின்னாளில் திட்டக் குழுவுக்கு வந்ததும், மகளிர் கட்டணமில்லாப் பேருந்துப் பயணத்தை வெறும் போக்குவரத்துச் செலவாக மட்டும் குழு பார்க்கவில்லை. பெண்களிடம் போய்க் கேட்டு, மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்ற கணக்கைக் கொண்டுவந்தது. கேட்டவர் யார் என்பதால் கிடைத்த எண் அது. ஆனாலும் ஓர் அரசின் திட்டத்தை அந்த அரசின் முதலமைச்சரே தலைவராக இருக்கும் குழு மதிப்பிடும்போது, எண் சரியாகவே இருந்தாலும் மாற்றுக் கட்சிக்காரர் நம்பத் தயங்குவார். இந்தத் தயக்கம் நியாயமானது. அதனால்தான் அரசுக்கு வெளியே, அரசோடு பேசக்கூடிய தூரத்தில் ஒரு நிலையம் வேண்டும் என்கிறேன்.

நொய்யலின் கதை அந்த வெற்றிடத்தின் விலையைச் சொல்லும். பாசனத்துக்கென்று ஒரத்துப்பாளையத்தில் கட்டி, 1990களின் தொடக்கத்தில் முடித்த அணை, சில ஆண்டுகளிலேயே திருப்பூர்ச் சாயக்கழிவின் தேக்கமாகிவிட்டது. தண்ணீருக்காக அணை கேட்ட ஆயக்கட்டு விவசாயிகள், அந்தத் தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள் என்று கெஞ்ச வேண்டிய நிலை வந்தது. ஆய்வே இல்லை என்று சொல்ல முடியாது. ஆய்வாளர் எஸ். ஜனகராஜன் பாலாற்றையும் நொய்யலையும் பவானியையும் விடாமல் ஆராய்ந்தார். சென்னைப் பொருளியல் பள்ளியின் ஆய்வாளர்கள் சாயக்கழிவால் வேளாண்மைக்கும் குடிநீருக்கும் வந்த இழப்பைப் பணமாகக் கணக்கிட்டார்கள். அவை ஆங்கிலத் தாள்களாகச் சென்னையில் இருந்தன. ஆட்சியரும், சாயப்பட்டறைக்காரரும், ஆயக்கட்டுக்காரரும் ஒரே மேசையில் உட்கார்ந்து கேட்டாக வேண்டிய ஒரு குரல் இந்த வட்டாரத்தில் இல்லை. விவசாயிகள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2006-ல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2009-ல் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளையும் சலவைப்பட்டறைகளையும் மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. சுமார் 700 பட்டறைகள் ஒரே நேரத்தில் நின்றன. கழிவுநீரைத் துளியும் வெளியே விடாத சுத்திகரிப்பை அதன் பிறகு திருப்பூர் கற்றுக்கொண்டது. இன்று அதை உலகுக்குப் பெருமையோடு காட்டுகிறது. பத்தாண்டு முன்பே அமைதியாக நடந்திருக்கக்கூடிய மாற்றம் அது. நீதிமன்றம் குற்றம் நடந்த பிறகு பேசும் இடம். ஆராய்ச்சி நிலையம் அதற்கு முன்பே பேச வேண்டிய இடம்.

விசைத்தறியிலும் இதே குறைதான். சோமனூர், பல்லடம் பகுதிகளில் ஜவுளி உற்பத்தியாளர் பாவு நூல் கொடுக்கிறார். கூலிக்கு நெய்யும் தறிக்காரர் காடா துணியாகத் திருப்பித் தருகிறார். கூலி எவ்வளவு என்று ஆட்சியர் முன்னிலையிலும் அமைச்சர் முன்னிலையிலும் பேசுகிறார்கள். 2022-லும் 2025-லும் வாரக்கணக்கில் தறிகள் நின்றன. பேச்சுவார்த்தைக்கு இரு தரப்பும் தத்தம் கணக்கோடு வருகின்றன. மின்கட்டணம், உதிரிப்பாகம், தறித் தேய்மானம், வீட்டார் உழைப்பு எல்லாம் சேர்த்து ஒரு மீட்டர் துணி நெய்ய உண்மையில் என்ன ஆகிறது என்று இரு தரப்பும் ஏற்கும் மூன்றாவது கணக்கைப் போட ஆளில்லை. அதைப் போடுவது பெரிய விஞ்ஞானமும் அல்ல. போடுபவர் யாருடைய ஆளும் அல்ல என்று நம்பிக்கை இருந்தால் போதும்.

இங்கே முதல் மறுப்பு எழும். தொழிலை அறிந்தவர் தொழிலதிபர்தானே, அவரைவிட யார் தலைமைக்குப் பொருத்தம்? சிட்ராவை எடுத்துக்காட்டுவார்கள். ஆலைகளின் ஆதரவோடு வளர்ந்து, ஆலைகளின் பிரதிநிதிகள் ஆட்சிக் குழுவில் அமர்ந்து, நூல் தரத்தையும் உற்பத்தித் திறனையும் உயர்த்திய நிலையம் அது. அதன் சேவையை நான் மனமார மதிக்கிறேன். ஆனால் அங்கேயும் ஆய்வுப் பணியை நடத்துபவர்கள் ஜவுளி விஞ்ஞானிகள் என்பதை மறந்துவிடக் கூடாது. அதோடு நூலின் தரம் எல்லா ஆலைக்கும் பொதுவான நன்மை. அதில் யாருக்கும் யாரோடும் வழக்கில்லை. கூலியும் தண்ணீரும் மின்கட்டணமும் அப்படியல்ல. ஒருவருக்கு வரவு, இன்னொருவருக்குச் செலவு. அந்தக் கணக்கை ஒரு தரப்பின் தலைவர் எவ்வளவு நேர்மையாகப் போட்டாலும் மறு தரப்பு ஏற்காது. தொழிலதிபர்கள் பணம் தரட்டும், ஆட்சிக் குழுவில் விவசாயிகளோடும் தொழிற்சங்கத்தாரோடும் சமமாக உட்காரட்டும். இயக்குநர் அறை வேறொருவருக்கு.

இரண்டாவது மறுப்பு வலுவானது. ஆராய்ச்சியாளருக்கு நிர்வாகம் தெரியாது; அவர் எழுதும் அறிக்கை அலமாரியில் தூங்கும்; ஓய்வுபெற்ற ஐஏஎஸ் அதிகாரி ஒரு தொலைபேசி அழைப்பில் கோட்டையில் கோப்பை நகர்த்துவார் என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது. 2015-ல் பிறந்த நிதி ஆயோக்கில் இதற்கென்றே இரண்டு நாற்காலிகள் போட்டார்கள். துணைத் தலைவர்களாக அரவிந்த் பனகாரியா, ராஜீவ் குமார், சுமன் பெரி என்று பொருளியலாளர்கள் வந்தார்கள். தலைமைச் செயல் அதிகாரிகளாக சிந்துஸ்ரீ குல்லர், அமிதாப் காந்த், பரமேஸ்வரன் ஐயர், பி.வி.ஆர். சுப்பிரமணியம் என்று வந்த நால்வருமே ஐஏஎஸ்காரர்கள். மேலோட்டமாக நல்ல ஏற்பாடு. நடைமுறையில் மக்கள் காதில் அதிகம் விழுந்தது செயல் அதிகாரியின் குரல்தான். நிதி ஆயோக் என்றதும் நினைவுக்கு வருவது மாநிலங்களையும் மாவட்டங்களையும் தரவரிசைப்படுத்தும் பட்டியல்கள். அதிகாரி தலைமை தாங்கினால் ஆராய்ச்சி மெல்ல மெல்லக் கண்காணிப்பாக மாறிவிடுகிறது என்பது என் கணிப்பு. மால்கம் ஆதிசேஷையா வேறு வழி காட்டினார். யுனெஸ்கோவின் துணைத் தலைமை இயக்குநராக உலக அளவில் நிர்வாகம் பார்த்தவர், ஊர் திரும்பி 1971-ல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். பிறகு இயக்குநர் பொறுப்புக்கு வந்தவர் சி.டி. குரியன், சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பொருளியல் கற்பித்த ஆசிரியர். நிர்வாகத் திறன் நிலையத்தை எழுப்பியது. கேள்வி கேட்கும் திறன் அதை நடத்தியது. கொங்கு நிலையத்திலும் அனுபவமிக்க அதிகாரி ஒருவர் இருக்கட்டும், பதிவாளராகவோ செயலராகவோ, இயக்குநருக்குக் கீழே.

உள்ளூர்க்காரர் என்றால் சாதியும் உறவும் குறுக்கே வரும், வெளியூர்க்காரர் என்றால் மண் தெரியாது என்ற மூன்றாவது வாதத்தையும் கேட்டிருக்கிறோம். இந்த வட்டாரத்தைப் பற்றி ஆழமாக எழுதியவர்களைப் பார்த்தால் அந்தக் கவலை கரைந்துபோகும். ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ஜூடித் ஹேயர் 1980களின் தொடக்கத்திலிருந்து கோவை மாவட்டக் கிராமங்களுக்குத் திரும்பத் திரும்ப வந்து, அருந்ததியர் கூலித் தொழிலாளர்களின் வாழ்க்கை எப்படி மாறியது, எங்கே மாறவில்லை என்று பதிந்தார். கவுண்டர் உழவர்கள் திருப்பூரில் தொழிலாளியாகி, பின் முதலாளியான கதையை ஷரத் சாரி 2004-ல் நூலாக்கினார். இருவரும் நம் ஊர்க்காரர்கள் அல்லர். பிறந்த ஊரோ சாதியோ இங்கே அளவுகோல் ஆகாது. எத்தனை ஆண்டுகள் யாரிடம் போய்க் கேட்டார் என்பதே அளவுகோல். இயக்குநருடைய பங்குகள், நிலங்கள், முந்தைய பதவிகள், ஆலோசனைக் கட்டணம் வாங்கிய இடங்கள் எல்லாவற்றையும் நிலையத்தின் ஒவ்வோர் அறிக்கையின் முதல் பக்கத்திலும் தமிழில் அச்சிட்டுவிட்டால், மிச்சமிருக்கும் ஐயத்தை வாசகரே எடைபோட்டுக்கொள்வார்.

திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி ஆண்டுக்கு 40,000 கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது. இந்தச் செல்வத்தின் ஒரு சிறு பங்கு போதும், ஒரு நிலையத்தை ஐம்பது ஆண்டுகள் யாரிடமும் கையேந்தாமல் நடத்த. கொங்கு நாட்டு அறக்கட்டளைகளும் தொழில் அமைப்புகளும் மாநில அரசும் அதைச் செய்ய முன்வர வேண்டும். வரும்போது, முதல் இயக்குநருக்கான விளம்பரத்தில் பட்டமும் பதவியும் கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். கடந்த பத்து ஆண்டுகளில் எந்தத் தறிக்கூடத்தில், எந்த ஆயக்கட்டில், யாருடைய வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தீர்கள் என்றும் கேளுங்கள்.