கல்மரம் சாட்சி கூறுகிறது!

வில்லியனூரைத் தழுவி ஓடும் சங்கராபரணியின் கரையோடு மேல்நோக்கிச் சென்றால் திருவக்கரை வரும். புதுவையின் எல்லை கடந்து தமிழ்நாட்டு மண்ணில் நிற்கும் ஊர். அங்கே கோயில் உண்டு, வக்கிரகாளி உண்டு, பௌர்ணமி தோறும் கூட்டம் உண்டு. வண்டி வண்டியாக வருவர், எலுமிச்சம்பழம் வாங்குவர், தீபம் ஏற்றுவர், திரும்பிச் செல்வர். கோயிலுக்குச் சற்றுத் தொலைவிலே, செம்மண் மேட்டிலே, மரங்கள் படுத்துக் கிடக்கின்றன. அவற்றைக் காண்பவர் எத்தனை பேர்? கை விரல்களே மிச்சம்!

பார்த்தால் மரம். தொட்டால் கல். வளையம் தெரிகிறது, கணு தெரிகிறது; கோடரி இறங்காது. "என்ன இது?" என்று பேரன் கேட்கிறான். "அசுரனுடைய எலும்பப்பா! காளி கொன்று போட்டாள்" என்கிறார் பாட்டனார். பாட்டனாரை நாம் பழிக்கவில்லை. அவருக்கு எவரும் வேறு விடை சொல்லித் தரவில்லை. பேரனுக்கும் சொல்லித் தராமல் இருக்கத் திட்டமிடுகிறார்களே, அவர்களைத்தான் கேட்கிறோம்!

விடை என்ன? ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் வெள்ளம் புரட்டி வந்த மரங்கள் இவை. கிளை இல்லை, இலை இல்லை, நிற்கும் வேர் இல்லை. ஆகவே வளர்ந்த இடம் வேறு, வந்து சேர்ந்த இடம் இது என்று கணித்தனர் ஆய்வாளர். ஆற்று மணல் மூடிற்று. காற்றுப் புகவில்லை, ஆகவே மரம் மக்கவில்லை. நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா மரத்தின் நுண்ணறைகளுக்குள் புகுந்தது. மரப்பொருள் சிதையச் சிதைய அவ்விடத்தைத் தான் பற்றிக்கொண்டது. உருவம் மரமாகவே நின்றது, உடல் கல்லாயிற்று. மந்திரம் இல்லை, சாபம் இல்லை, வரம் இல்லை. வேதியியல் உண்டு!

பிரெஞ்சு இயற்கை அறிஞர் பியேர் சொன்னெரா 18ஆம் நூற்றாண்டிலேயே இக்கல்மரங்களைக் கண்டு எழுதினார். 1940இல் இந்திய நிலப்பொதியியல் அளவைத் துறை இவ்விடத்தைப் பூங்காவாக்கிக் காத்தது. தென்னார்க்காட்டுக் கல்மரங்களைப் பற்றிச் சி. ஜி. கே. இராமானுசம் எழுதிய ஆய்வு 1960இல் செர்மானிய ஆய்விதழில் வெளிவந்தது. கல்லை மெல்லிய சீவலாக்கி, உருப்பெருக்கியின் கீழ் வைத்து, குழாய்களையும் துளைகளையும் எண்ணி, இன்ன குடும்பத்து மரம் என்று பெயர் சொன்னார்கள் இத்துறை அறிஞர்கள். ஆமணக்கின் குடும்பம் உண்டு. மருதின் குடும்பம் உண்டு. மழைக்காடுகளில் ஓங்கி வளரும் குங்கிலியத்தின் குடும்பமும் உண்டு. நம் கொல்லையில் நிற்கும் செடியின் பாட்டன் முப்பாட்டனெல்லாம் அம்மேட்டிலே படுத்துக் கிடக்கின்றனர்! செர்மானியன் படித்தான், செஞ்சி ஆற்றங்கரைத் தமிழன் படித்தானா?

கல்மரத்தை இத்தோடு விட்டு, ஆற்றோடு கீழே வாருங்கள். வில்லியனூரிலே குயவர் வனையும் சுடுமண் சிற்பம் புவிசார் குறியீடு பெற்றிருக்கிறது. களிமண்ணென்பது சிலிக்கனும் அலுமினியமும் உயிர்வளியும் கூடிய பொருள். சூளைத் தீ அதனை மீண்டும் கரையாத பொருளாக மாற்றுகிறது. இன்னும் கீழே, ஆறு கடலை நெருங்குமிடத்தில் அரிக்கமேடு. 1945இல் வீலர் அகழ்ந்தார். கண்ணாடி மணிகள் குவிந்தன. மணலை உருக்கி மணி செய்த நம் முன்னோர் சிலிக்காவை ஆண்டவர் அன்றோ! தெற்கே பாகூர். அதன் நெல் வயல்களுக்கு அடியிலே பழுப்பு நிலக்கரி கிடக்கிறது. அதுவும் பழங்காட்டின் எச்சமே. ஒரு காடு சிலிக்கனைப் பெற்றுக் கல்லாயிற்று; மற்றொரு காடு கரியைக் காத்து நிலக்கரியாயிற்று. கரியும் சிலிக்கனும் தனிம வரிசை அட்டவணையில் ஒரே குடும்பம்; ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்பவை. 1869இல் மெந்தலீவ் அட்டவணை வகுத்தபோது சிலிக்கனுக்குக் கீழே ஓர் இடத்தைக் காலியாக விட்டார். "இங்கொரு தனிமம் வரும், அதன் குணம் இன்னது" என்று பின்னர் முன்னறிவித்தார். 1886இல் செர்மானியம் என்னும் தனிமம் கண்டுபிடிக்கப்பட்டது. சொன்ன இடத்தில், சொன்ன குணத்தோடு வந்து அமர்ந்தது! இதுவன்றோ ஞானதிருட்டி! யோக நித்திரையில் வந்ததல்ல, கணக்கில் வந்தது!

கல்மரம், கண்ணாடி மணி, சுடுமண், நிலக்கரி: இந்நான்கையும் விளங்க வைப்பன இரண்டே பாடங்கள். ஒன்று உயிரினப் பரிணாமம். மற்றொன்று தனிம வரிசை அட்டவணை. இனிக் கேளுங்கள் கொடுமையை! 2023இல் மத்தியக் கல்வி ஆராய்ச்சிப் பயிற்சிக் குழுவின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலிலிருந்து இவ்விரண்டும் வெட்டப்பட்டன. "மரபும் பரிணாமமும்" என்றிருந்த பாடம் "மரபு" என்று மட்டும் நின்றது. அட்டவணைப் பாடம் அடியோடு போயிற்று. ஆயிரத்து எண்ணூறுக்கும் மேற்பட்ட அறிவியலாளரும் ஆசிரியரும் கையொப்பமிட்டுக் கண்டித்தனர்.

அதே 2023–24 கல்வியாண்டில் என்ன நடந்தது? புதுவை அரசுப் பள்ளிகளின் உயர்வகுப்புகள் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தை விட்டு மத்திய வாரியத்துக்கு மாற்றப்பட்டன. 2025இல் நம் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் முதன்முறையாக அவ்வாரியத்தின் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதினர். தமிழ்நாட்டில் 2019இல் வந்த பத்தாம் வகுப்பு நூலிலே உயிரின் தோற்றமும் பரிணாமமும் தனிப்பாடம். தனிம அட்டவணையும் தனிப்பாடம். எனவே பாகூர் ஏரியின் எல்லைக்கு அப்பால் நிற்கும் கடலூர்ப் பையனுக்கு டார்வின் உண்டு. இப்பால் நிற்கும் பாகூர்ப் பையனுக்கு இல்லை! ஒரே மண், ஒரே மழை, ஒரே மொழி. வரப்புக்கு வரப்பு அறிவு மாறுகிறது!

"பெருந்தொற்றுக் காலத்தில் பிள்ளைகளின் சுமையைக் குறைத்தோம்" என்றனர். சுமை குறைப்பவன் மூட்டையில் கல்லை எடுப்பான், சோற்றை எடுப்பானா? "பன்னிரண்டாம் வகுப்பில் பரிணாமம் இருக்கிறதே!" என்றும் கூறினர். இருக்கிறது, மறுக்கவில்லை. அது உயிரியலைத் தேர்ந்தெடுப்போர்க்கு மட்டுமே. வணிகவியல் படிக்கும் பெண்ணுக்கு இல்லை. தொழிற்பயிற்சிக்குப் போகும் பையனுக்கு இல்லை. பத்தோடு படிப்பை நிறுத்தி நாற்று நடப் போகும் பிள்ளைக்கு இல்லவே இல்லை. மருத்துவராகப் போகிறவனுக்கு மட்டும் தான் எங்கிருந்து வந்தோம் என்பது தெரிந்தால் போதுமா? கழனியில் நிற்பவன் மனிதன் இல்லையா?

2018 சனவரியில் மத்திய இணையமைச்சராக இருந்த சத்யபால் சிங், குரங்கு மனிதனாக மாறியதை எவரும் கண்டதாகக் கூறவில்லை. ஆகவே டார்வின் கொள்கை தவறு என்றார். நாட்டின் மூன்று அறிவியல் கழகங்கள் ஒன்றுகூடி மறுத்தன. நாம் திருவக்கரைக் கல்லைக் காட்டியே மறுக்கலாம். மரம் கல்லானதை எவரும் பார்த்ததில்லை. ஆனால் கல்லிலே வளையம் இருக்கிறதே! பார்த்தவன் இல்லாத போது பொருளே சாட்சி. களவு நடந்ததைக் கண்டவன் இல்லையென்றால், காவலர் கால்தடத்தை நோக்குவதில்லையா? குரங்கு ஒரு நாள் காலையில் மனிதனாயிற்று என்று டார்வினும் கூறவில்லை. 1859இல் அவர் வெளியிட்ட நூல் கூறியது வேறு: உயிர்களுக்குப் பொது முன்னோர் உண்டு, சிறு சிறு வேறுபாடுகளில் வாழத் தகுந்தவை தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து நிற்கும்.

ஏன் இந்த அச்சம்? காரணம் விளங்காதது அல்ல. எல்லா மனிதர்க்கும் ஒரே முன்னோர் என்றால், முகத்தில் பிறந்தவன், காலில் பிறந்தவன் என்ற கதைக்கு இடம் எங்கே? டார்வின் வகுப்பறைக்குள் நுழைந்தால் வருணம் வாசலோடு நின்றுவிடும்!

பாகூர்ச் செப்பேட்டை எடுத்துப் படியுங்கள். 9ஆம் நூற்றாண்டிலே, பல்லவன் நிருபதுங்கன் காலத்திலே, பாகூரில் இருந்த வித்தியாத்தானத்திற்கு மூன்று ஊர்கள் தானமாயின. அங்கே ஓதப்பட்டவை பதினான்கு வித்தைகள்: வேதங்கள், வேதாங்கங்கள், மீமாம்சை, நியாயம், புராணம், தரும சாத்திரம் என்று வரலாற்றாசிரியர் விளக்குவர். கணிப்பதற்குச் சோதிடமும் வாதிடுவதற்கு நியாயமும் அதில் இருந்தன, ஒப்புக்கொள்வோம். ஆனால் மண் சுட்ட குயவனின் அறிவு அப்பட்டியலில் உண்டா? இரும்பு உருக்கிய கொல்லனின் அறிவு உண்டா? கண்ணாடி மணி செய்தவனின் அறிவு உண்டா? மூன்று ஊர் விளைச்சலைத் தந்தவன் உழவன். உள்ளே அமர்ந்து உண்டு ஓதியவர் வேறு. கைத்தொழில் அறிவும் ஏட்டறிவும் கூடாத நாட்டில் மெந்தலீவ் எப்படிப் பிறப்பான்?

அன்று கதவு மூடியிருந்தது. இன்று கதவு திறந்திருக்கிறது, பாடத்தைத்தான் கிழிக்கிறார்கள்!

நம் குற்றத்தையும் மறைக்க வேண்டாம். பாடம் இருந்த நாளிலும் அதனை மனப்பாடம் செய்ய வைத்தோம். "டார்வின் கொள்கை யாது? ஐந்து மதிப்பெண்" என்று முடித்தோம். பௌர்ணமிக்குத் திருவக்கரை சென்ற தந்தை, பிள்ளையின் கையைப் பிடித்துக் கல்மரத் தோப்புக்கும் அழைத்துச் சென்றாரா? அவருக்கும் இல்லை, நமக்கும் இல்லை அந்த எண்ணம்! 1976இல் அரசியல் சட்டத்திலே 51ஏ பிரிவு சேர்ந்தது. அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமகனின் கடமை என்கிறது அது. கடமை ஆட்சிக்கு மட்டுமா? உங்களுக்கும் எனக்கும் இல்லையா?

ஆகவே கேட்கிறோம். இனி எந்த நூல் எழுதப்பட்டாலும், பத்தாம் வகுப்பு முடிவதற்குள் பரிணாமமும் தனிம அட்டவணையும் ஒவ்வொரு பிள்ளைக்கும் கிடைத்தாக வேண்டும். அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். வில்லியனூர், பாகூர்ப் பள்ளி ஆசிரியப் பெருமக்களே! வாரியம் தடுப்பது தேர்வுக் கேள்வியை மட்டுமே. ஆற்றங்கரையை எந்த வாரியமும் தடுக்க முடியாது. ஒரு நாள் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். குயவர் சூளையிலே தொடங்குங்கள்; அரிக்கமேட்டைக் காட்டுங்கள்; திருவக்கரையிலே முடியுங்கள். கல்மரத்தின் மேல் அச்சிறுவன் கை வைக்கட்டும். வளையங்களை எண்ணட்டும்.

எண்ணி முடித்தபின் அவனே வந்து பாட்டனாரிடம் கூறுவான்: "தாத்தா! அது அசுரன் இல்லை. நம் வீட்டு ஆமணக்குக்குச் சொந்தக்கார மரம்!"