பெருந்தொற்று உடன்பாடு

பெருந்தொற்று உடன்பாடு என்பது கொள்ளைநோய்களைத் தடுக்கவும் எதிர்கொள்ளவும் உலக நாடுகள் உருவாக்கிய பன்னாட்டு உடன்பாடு ஆகும். மூன்றாண்டுகளுக்கும் மேலான பேச்சுவார்த்தைகளுக்குப் பின், 2025 மே 20 அன்று ஜெனீவாவில் 78 ஆவது உலக சுகாதாரப் பேரவை இதனை ஏற்றுக்கொண்டது.

பின்னணி

புதிய நோய்க்கிருமியின் மாதிரி விரைவாகப் பகிரப்படுவது தடுப்பூசி உருவாக்க உதவும். ஆனால் மாதிரியை அளிக்கும் நாட்டிற்கு அத்தடுப்பூசி கிடைக்கும் என்ற உறுதி இருப்பதில்லை. இக்காரணத்தால் 2007 இல் இந்தோனேசியா பறவைக் காய்ச்சல் தீநுண்மியின் மாதிரிகளை அளிக்க மறுத்தது. இதன் விளைவாக 2011 இல் ஏற்கப்பட்ட சட்டகம் இன்புளுவென்சாவுக்கு மட்டுமே உரியது. 2021 நவம்பரில் தென்னாப்பிரிக்கா ஒமைக்ரான் திரிபை வெளிப்படையாக அறிவித்தது. பல நாடுகள் அதன் மீது பயணத்தடை விதித்தன. உண்மையை உடனே உரைப்பது இழப்பைத் தரும் எனில், அடுத்த எச்சரிக்கை தாமதமாகலாம்.

முக்கிய கூறுகள்

பெருந்தொற்றுக் காலத்தில், பங்கேற்கும் நிறுவனங்கள் தம் உற்பத்தியில் 20 விழுக்காட்டை உலக சுகாதார அமைப்புக்குக் கிடைக்கச் செய்வதை உடன்பாடு இலக்காகக் கொள்கிறது. உற்பத்தியில் குறைந்தது 10 விழுக்காடு நன்கொடையாகும். ஊரடங்கையோ தடுப்பூசியையோ கட்டாயமாக்கும் அதிகாரம் அவ்வமைப்புக்கு வழங்கப்படவில்லை.

சிக்கல்கள்

மாதிரிகளையும் பயன்களையும் பகிரும் முறையை விளக்கும் இணைப்பு ஏற்கப்பட்ட பின்னரே உடன்பாடு கையொப்பத்திற்குத் திறக்கப்படும். அது நடைமுறைக்கு வர 60 ஏற்புறுதிகள் தேவை. 2025 சனவரியில் அமைப்பிலிருந்து விலகுவதாக அறிவித்த ஐக்கிய அமெரிக்கா இதில் இணையவில்லை. ஆகவே உடன்பாட்டின் வலிமை, மாதிரி தரும் நாடுகளும் மருந்து செய்யும் நாடுகளும் ஒன்றையொன்று நம்புவதைப் பொறுத்தே அமையும்.