காப்பகம் கடைசி வழியாகட்டும்

ஆதரவற்ற குழந்தையைக் காப்பகத்தில் சேர்ப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்கிறது 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம். இந்த நெறிக்கு அறிவியல் சான்று தேடித் தந்தவர்களில் முக்கியமானவர், 2021 அக்டோபரில் 88 வயதில் காலமான பிரிட்டிஷ் மனநல மருத்துவர் சர் மைக்கேல் ரட்டர்.

லெபனானில் பிறந்த ரட்டர், இரண்டாம் உலகப் போரின்போது ஏழு வயதில் பெற்றோரைப் பிரிந்து, பாதுகாப்புக்காக அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டவர். பின்னாளில் பிரிட்டனில் குழந்தைகள் மனநல மருத்துவத்துக்கென நியமிக்கப்பட்ட முதல் பேராசிரியரானார். ஆட்டிசத்துக்குத் தாயின் பாசமின்மையே காரணம் என்று பழி சுமத்தப்பட்டுவந்த நிலையில், சூசன் ஃபோல்ஸ்டைனுடன் இணைந்து இரட்டையர்களை ஆராய்ந்து, அதில் மரபணுக்களுக்குள்ள பங்கை 1977-இல் எடுத்துக்காட்டினார்.

ருமேனியாவில் 1989-இல் செஷெஸ்கு ஆட்சி வீழ்ந்தபோது, அந்நாட்டு அனாதை இல்லங்களின் அவலம் உலகுக்குத் தெரியவந்தது. அங்கிருந்து பிரிட்டிஷ் குடும்பங்களுக்குத் தத்து வந்த குழந்தைகளை ரட்டர் குழுவினர் பல ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்தனர். ஆறு மாதத்துக்கும் குறைவாக இல்லங்களில் இருந்தவர்கள், பிரிட்டனிலேயே பிறந்து தத்தெடுக்கப்பட்ட குழந்தைகளைப் போலவே வளர்ந்தனர். அதற்கு மேல் இருந்தவர்களில் பலருக்கு, நல்ல குடும்பம் கிடைத்த பிறகும் பாதிப்புகள் நீடித்தன. அவர்களிலும் ஒரு பகுதியினர் முழுமையாக மீண்டனர் என்பது ஆறுதல்.

ருமேனிய இல்லங்களின் கொடுமையை இந்தியக் காப்பகங்களோடு அப்படியே ஒப்பிடுவது நியாயமாகாது. ஆனால், தாமதத்துக்கு விலை கொடுப்பது குழந்தைதான் என்ற பாடம் இங்கும் பொருந்தும். கைவிடப்பட்ட குழந்தை இரண்டு வயதுக்குட்பட்டதாயின் இரண்டு மாதங்களுக்குள்ளும், அதற்கு மேற்பட்டதாயின் நான்கு மாதங்களுக்குள்ளும் தத்துக்குத் தகுதியானது என்று குழந்தைகள் நலக் குழு அறிவிக்க வேண்டும் என்கிறது சட்டம். நீதிமன்றங்களில் ஏற்படும் தாமதத்தைக் காரணம் காட்டி, தத்து ஆணை பிறப்பிக்கும் அதிகாரத்தை மாவட்ட ஆட்சியருக்கு வழங்கியது 2021-ஆம் ஆண்டுத் திருத்தம். அதிகாரம் இடம் மாறினால் மட்டும் போதாது; ஆட்சியரின் மேசையில் கோப்பு தேங்கினாலும் விளைவு ஒன்றே.

வேகம் என்ற பெயரில் பெற்றோரைத் தேடும் பணியில் குறுக்குவழியை நாடிவிடவும் கூடாது. வறுமையால் மட்டுமே காப்பக வாசலுக்கு வரும் குழந்தைக்குத் தேவை தத்துப் பெற்றோர் அல்ல. சொந்தக் குடும்பத்துக்கான உதவி. மத்திய அரசின் 'மிஷன் வாத்சல்யா' திட்டம் இத்தகைய குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத் தொகை வழங்க வகை செய்கிறது. அத்தொகை உரியவருக்கு உரிய காலத்தில் சென்று சேர்வதை உறுதி செய்ய வேண்டியது மாநில அரசுகளின் கடமை.

காப்பகங்களில் எத்தனை குழந்தைகள் உள்ளனர் என்ற கணக்கு மட்டும் போதாது. ஒவ்வொரு குழந்தையும் எத்தனை மாதங்களாக அங்கே இருக்கிறது என்பதையும் நாடாளுமன்றமும் சட்டப்பேரவைகளும் ஆண்டுதோறும் கேட்டறிய வேண்டும். கோப்புகள் காத்திருக்கலாம், குழந்தைப் பருவம் காத்திருக்காது.