விரலுக்கும் செவிக்கும் தமிழ் வேண்டும்

இராயபுரத்தை அடுத்த காசிமேட்டு மீன்துறையில் வைகறை வணிகம் வாயாலும் செவியாலும் நடப்பது. வஞ்சிரம், சங்கரா, நெத்திலி, வவ்வால் என மீனின் பெயரும் விலையும் தமிழில் கூவப்படுகின்றன. வாங்குவோர் மீனைத் தொட்டும் அழுத்தியும் முகர்ந்தும் அதன் புதுமையை அறிகின்றனர். பார்வையற்ற ஒருவர் பொருளை அறிந்து விலை பேச அங்கே இடமுண்டு. அவர்தம் தாய்மொழியும் கைவிரலுமே அவர்க்குத் துணை.

அவரே திருவொற்றியூரிலோ எண்ணூரிலோ ஒரு பேரங்காடிக்குள் நுழைந்தால் நிலைமை தலைகீழாகின்றது. அங்கே பொருள்கள் யாவும் உறைக்குள் ஊமையாய் அடுக்கப்பட்டுள்ளன. அரிசி மாவும் கடலை மாவும் கைக்கு ஒன்றே. விலை, எடை, செய்த நாள், கெடுநாள் அனைத்தும் கண்ணுக்கு மட்டுமே அச்சிடப்பட்டவை. அவையும் பெரும்பாலும் தமிழில் இல்லை.

இது வணிகரின் மறதி மட்டும் அன்று. சட்டமே அவ்வாறுதான் உள்ளது. உறையிட்ட பொருள்கள் குறித்த நடுவண் அரசின் 2011-ஆம் ஆண்டு எடையளவு விதிகளில் 9-ஆம் விதி, உறைமேல் தரவேண்டிய குறிப்புகள் தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ, அன்றி ஆங்கிலத்திலோ இருத்தல் வேண்டும் என்கின்றது. பிறமொழியைக் கூடுதலாகச் சேர்த்துக் கொள்ளலாம் என்பது அது காட்டும் இரக்கம்! தமிழ்மண்ணில், தமிழனின் காசுக்கு விற்கப்படும் பொருளில் தமிழ் கட்டாயம் இல்லை. கண்ணுள்ள தமிழனே அயன்மொழியில் விலை படிக்கையில், பார்வையற்ற தமிழன் இருமடி இருளில் தள்ளப்படுகின்றான் அன்றோ?

2023-இல் நடுவண் உணவுப் பாதுகாப்பு ஆணையம், பார்வையற்றோர் பொருட்டு உணவுறைகளில் விரைவுக் குறி அச்சிடுமாறு உணவு செய்வோர்க்கு அறிவுரை வழங்கியது. கைப்பேசியை அக்குறிமுன் காட்டினால் பொருளின் பெயர், உட்பொருள், கெடுநாள் முதலியவற்றை அது படித்துக் காட்டும். நல்ல முயற்சியே, ஆயினும் அறிவுரை கட்டளை ஆகாது. மேலும், குறி உறையின் எப்பக்கத்தில் உள்ளது என்பது விரலுக்குத் தெரியவேண்டும். அதற்குச் சிறு மேட்டுக்கோடு ஒன்று போதும். படிக்கும் குரல் தமிழில் இருத்தலும் வேண்டும். ஆங்கிலம் அறியாத ஆலைத் தொழிலாளியின் தாய்க்கு, ஆங்கிலம் பேசும் உறையும் ஊமை உறையே.

இது முடியாத செயலா? ஐரோப்பிய ஒன்றியம் 2004-இல் இயற்றிய சட்டத்தால், மருந்துப் பெட்டியின்மேல் மருந்தின் பெயரைப் பிரெயில் எனும் புள்ளியெழுத்தில் பொறிப்பது கட்டாயமாயிற்று. தமிழுக்கும் புள்ளியெழுத்து உண்டு. 1951-இல் ஏற்கப்பட்ட பாரதி பிரெயில் முறையில் அது இடம்பெற்றுள்ளது. முதுமையில் பார்வை இழந்தோர் பலர் அதனைக் கற்றிலராதலின் குரலும் உடன்வேண்டும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அனைவரும் பயன்படுத்தத் தக்க நுகர்பொருள்களை வளர்க்கும் கடமையை அரசுகளின்மேல் சுமத்தியுள்ளது. அக்கடமை தமிழக அரசுக்கும் உரியது.

கடைப்பணியாளர் படித்துச் சொல்வாரே என்பர் சிலர். பிறர் வாயை நம்பி வாங்குவது உதவி; தாமே அறிந்து வாங்குவது உரிமை. மருந்து மாறினால் உயிரே போகும் இடத்தில் உதவி மட்டும் போதுமா?

கடைப் பெயர்ப்பலகையில் தமிழ் வேண்டுமெனத் தமிழியக்கங்கள் நெடுங்காலமாகப் போராடி வருகின்றன. அப்போராட்டம் வாயிற்படியோடு நின்றுவிடலாகாது. உள்ளிருக்கும் ஒவ்வோர் உறைமீதும் அது தொடர வேண்டும். உறைகளில் தமிழ் கட்டாயமாக வேண்டும். விரலறியும் குறி வேண்டும். தமிழில் பேசும் குரல் வேண்டும். சட்டம் வரும்வரை, கணக்கிடும் இடத்தில் ஒவ்வொரு பொருளின் பெயரையும் விலையையும் தமிழில் உரக்கச் சொல்லுமாறு தத்தம் ஊர்க் கடைக்காரரைத் தமிழன்பர்கள் வற்புறுத்தலாம். அதற்குச் செலவு ஏதுமில்லை. எழுத்தாவதற்கு முன்பே ஒலியாய் வாழ்ந்த மொழி தமிழ். அது கண்ணுடையார்க்கு மட்டும் உரியதன்று.