ரோபோவுக்கு எதுக்கு சீரியல் லைட்? கலர் மாறும் எல்இடி வெறும் பந்தா இல்லை!

காஞ்சிபுரம் பட்டில் 'மயில் கழுத்து' கலர் தெரியும்தானே? ஒரு பக்கம் பார்த்தால் நீலம், கொஞ்சம் திருப்பினால் பச்சை. பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறம், அவ்வளவுதான் ரகசியம். முசரவாக்கம் மாதிரி காஞ்சியைச் சுற்றியுள்ள ஊர்ப் பிள்ளைகளுக்கு நிறம் மாறுவது புதுசே இல்லை. ஆனால், அவர்கள் செய்யும் போட்டி ரோபோவில் நிறம் மாறும் எல்இடி ஸ்ட்ரிப் ஒட்டினால், "படிக்கிற வேலையை விட்டுட்டு இது எதுக்குப்பா?" என்ற கேள்வி வரும்.

கேள்வி நியாயமானதுதான். எதையும் சொல்லாத லைட் வெறும் அலங்காரம். ரோபோ என்ன நினைக்கிறது என்று சொல்லும் லைட், டீமில் இன்னொரு ஆள்.

லைட் எப்படிப் பேசும்?

அமெரிக்காவில் தொடங்கிய ஃபர்ஸ்ட் ரோபாட்டிக்ஸ் போட்டியின் 2023 ஆட்டத்தில் மஞ்சள் கூம்பு, ஊதா கனசதுரம் என இரண்டு பொருட்கள். மைதான ஓரத்தில் நிற்கும் சக மாணவர்தான் அதை ரோபோவுக்கு எடுத்துத் தர வேண்டும். அந்தச் சத்தத்தில் கத்தினால் யாருக்குக் கேட்கும்? பல அணிகள் எல்இடியைப் பயன்படுத்தின. மஞ்சள் எரிந்தால் கூம்பு, ஊதா எரிந்தால் கனசதுரம். சிம்பிள்!

அதே போட்டியில் ஆரஞ்சு சிக்னல் விளக்கு ஒவ்வொரு ரோபோவுக்கும் கட்டாயம். சிமிட்டினால் ரோபோ நகரலாம், தள்ளி நில்லுங்கள் என்று அர்த்தம்.

எங்கே சொதப்பும்?

முதலில் கரன்ட். பிரபலமான டபிள்யூஎஸ்2812பி ஸ்ட்ரிப்பில் ஒரு எல்இடி முழு வெள்ளையில் சுமார் 60 மில்லிஆம்பியர் எடுக்கும். மீட்டருக்கு 60 எல்இடி என்றால் 3.6 ஆம்பியர், அதாவது 5 வோல்ட்டில் 18 வாட். இதை ஆர்டுயினோ போர்டின் 5 வோல்ட் பின்னிலிருந்தே எடுத்தால் போர்டு ரீசெட் ஆகும், ரோபோ நடுமைதானத்தில் நிற்கும். தனி 5 வோல்ட் கன்வெர்ட்டர், ஒரு ஃபியூஸ், பொதுவான கிரவுண்ட் இணைப்பு, குறைந்த பிரைட்னஸ். இந்த நாலும் போதும்.

அடுத்தது கேமரா. வியட்நாமில் நடந்த ஏபியு ரோபோகான் 2024-ல் சிவப்பு, நீலப் பந்துகளோடு ஊதாப் பந்துகளும் இருந்தன. தன் அணியின் நிறம் எது, ஒதுக்க வேண்டிய ஊதா எது என்று ரோபோவே பிரித்தறிய வேண்டும். அங்கே கேமரா பக்கத்தில் சிவப்பு எல்இடி எரிந்தால், நீலப் பந்தே ஊதாவாகத் தெரியலாம். பந்தா காட்டப் போய் பாயின்ட் போச்சு!

அப்போ, ஒட்டலாமா வேண்டாமா?

தாராளமாக ஒட்டலாம். நாடு முழுக்க 10,000 அடல் டிங்கரிங் லேப்கள் அமைக்கப்பட்டுள்ளன. அடுத்த 5 ஆண்டுகளில் அரசுப் பள்ளிகளில் இன்னும் 50,000 என்று 2025 பட்ஜெட்டில் அறிவிப்பும் வந்தது. அங்கே வரும் பிள்ளைகளுக்கு, சென்சார் கொடுக்கும் எண் நிறமாக மாறும் தருணம் பெரிய பாடம். லேப்டாப் இல்லாமலேயே தவறு எங்கே என்று கண்ணால் பார்க்கலாம். ஆனால், சிவப்பு-பச்சை வேறுபாடு தெரியாத மாணவரும் டீமில் இருக்கலாம். அதனால் நிறத்தோடு சிமிட்டும் வேகத்தையும் மாற்றுவது நல்லது.

மினுமினுப்பைப் பார்த்து மார்க் போடும் நடுவர்களும் கொஞ்சம் மாற வேண்டும். "சூப்பரா இருக்கே" என்று நகர்வதற்கு முன், "இந்த கலருக்கு என்ன அர்த்தம்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதில் வந்தால் மார்க் போடுங்கள். வரவில்லை என்றால், அது வெறும் சீரியல் லைட்தான்.