காக்கை மூன்று முறை உட்கார்ந்ததா?

ஜினடின் ஜிடேன் மகத்தான ஆட்டக்காரர், ஆனால் பயிற்சியாளரே அல்ல. கோட்டுப் போட்டுக்கொண்டு கோட்டோரம் நின்று கைதட்டியவர், கோப்பைகள் தாமாகவே மடியில் விழுந்தன என்று நண்பர் ஒருவர் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். ஆட்டம் பார்க்காதவர்களை நம்பி எழுதப்பட்ட கட்டுரை. நீங்கள் பார்த்தவர்கள் என்பதால் உங்களிடமே முறையிடுகிறேன்.

ரியல் மாட்ரிட் என்ற அந்த அணியை வைத்துக்கொண்டு யார் வேண்டுமானாலும் ஜெயித்திருப்பார்களாம். அந்த ‘யார் வேண்டுமானாலும்’ நிஜமாகவே அங்கே இருந்தார். பெயர் ரஃபா பெனிடெஸ். வலென்சியாவுக்கு இரண்டு லீக் பட்டங்களும் லிவர்பூலுக்கு 2005 சாம்பியன்ஸ் லீகும் வாங்கிக் கொடுத்த மனிதர், ஏப்பைசாப்பை அல்ல. அதே ரொனால்டோ, அதே மோட்ரிச், அதே பேல். 2015 நவம்பரில் சொந்த மைதானத்திலேயே பார்சிலோனாவிடம் 0–4. காஸெமிரோ அன்று பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தாக்குதல் நட்சத்திரங்களையெல்லாம் ஒன்றாக இறக்கிவிட்டு, நடுவில் வாசலைத் திறந்து போட்டிருந்தார்கள். 2016 ஜனவரி 4 அன்று பொறுப்பேற்ற ஜிடேன் வந்து என்ன செய்தார்? பளபளப்பில்லாத அந்தக் காஸெமிரோவைத் தடுப்பு வரிசைக்கு முன்னால் நிறுத்தினார். குரூஸும் மோட்ரிச்சும் பின்னால் பார்க்காமல் பந்தோடு முன்னேற முடிந்தது. ஏப்ரல் 2 அன்று, 39 ஆட்டங்களாகத் தோற்காத பார்சிலோனாவை அதன் மைதானத்திலேயே 2–1 என வென்றார்கள். மே மாதம் மிலானில் ஐரோப்பியக் கோப்பை. கைதட்டினால் இதெல்லாம் நடக்கும் என்றால் எல்லாப் பயிற்சியாளரும் கைதட்டிப் பார்க்கலாமே!

அடுத்து, எல்லாம் ரொனால்டோவின் கால் செய்த வேலையாம். சரி, அந்தக் காலை 32 வயதில் யார் காப்பாற்றி வைத்தது? 2016–17 பருவத்தில், ஒரு ஆட்டத்தையும் விட்டுக்கொடுக்க மனமில்லாத அந்த மனிதரை, ஆள் மாற்றினாலே முகம் சுளிக்கிறவரை, லீக்கின் சில வெளியூர் ஆட்டங்களுக்கு வரவேண்டாம் என்று வீட்டில் உட்கார வைத்தார் ஜிடேன். அவரில்லாமல் லெகனெஸில் நான்கு கோல், டிபோர்டிவோவில் ஆறு கோல். சேமித்த தெம்பு எங்கே போயிற்று? காலிறுதியில் பேயர்னுக்கு எதிராக 5, அரையிறுதியில் அட்லெடிகோவுக்கு எதிராக 3, கார்டிஃப் இறுதியில் யுவென்டஸுக்கு எதிராக 2. லீகும் ஐரோப்பியக் கோப்பையும் ஒரே பருவத்தில். இதற்குப் பெயர் ஆளுமை நிர்வாகம் மட்டுந்தான், உத்தி அல்ல என்கிறார் நண்பர். களைத்த காலும் களைக்காத காலும் எப்போது மோதும் என்று கணக்குப் போடுவது உத்தி இல்லையென்றால், உத்தி என்பது கரும்பலகையில் அம்புக்குறி போடுவது மட்டுமா?

போகட்டும், ரொனால்டோ 2018இல் கிளம்பிவிட்டாரே. அதன்பின் 2019–20 லீக் பட்டத்தை வென்றது யார்? லீக் முழுவதிலும் வாங்கிய கோல்கள் வெறும் 25. பென்ஸெமாவுக்கு அடுத்தபடியாக அதிகக் கோல் அடித்தவர் தடுப்பாட்டக்காரர் ராமோஸ். பெருந்தொற்று இடைவெளிக்குப் பின் தொடர்ந்து பத்து வெற்றிகள். நண்பர் இந்தப் பருவத்தை ஒரு வரியில்கூடத் தொடவில்லை. மறதியா, வசதியா?

பிறகு அதிர்ஷ்டம். பேயர்னுக்கு எதிரான கூடுதல் நேரத்து ஆஃப்சைடு கோலையும், 2018 கீவ் இறுதியில் லிவர்பூல் கோல்கீப்பரின் சொதப்பலையும் நானே எடுத்துக் கொடுக்கிறேன். ஆனால் 1992இல் சாம்பியன்ஸ் லீக் என்று பெயர் மாறியதிலிருந்து 2017 வரை எந்த அணியும் பட்டத்தைத் தக்கவைக்கவில்லை. தொடர்ந்து மூன்று என்பது 1974–76 பேயர்னுக்குப் பின் நடக்கவே இல்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த காகதாலீய நியாயம் ஒரு முறைக்குச் செல்லும். காக்கை வருடாவருடம் அதே மரத்தில் உட்கார்ந்தால் மரத்தடியில் யார் நிற்கிறார் என்று பார்க்கவேண்டாமா? அதே கீவில், 61ஆம் நிமிடம் இஸ்கோவை எடுத்துவிட்டுப் பேலை இறக்குகிறார். மூன்றாவது நிமிடத்தில் மார்செலோ தூக்கிப் போட்ட பந்தைப் பேல் அந்தரத்தில் மல்லாந்து உதைக்க, வலை அதிர்கிறது. ஜிடேனே மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு நின்றார். உதை பேலுடையது, நிமிடம் யாருடையது?

நண்பரின் ஏரணம் தன் காலையே தட்டிவிடும் இடம் இனிமேல்தான். பெரிய ஆட்டக்காரர் நல்ல பயிற்சியாளர் ஆகமாட்டார், மாரடோனாவைப் பாருங்கள், 2010இல் ஜெர்மனியிடம் 0–4 என்கிறார். நான்கு பத்தி கழித்து, ஜிடேன் என்ற பெயருக்குப் பயந்தே வீரர்கள் ஆடினார்கள் என்கிறார். பெயர் போதுமென்றால் மாரடோனா ஏன் தோற்றார்? போதாதென்றால் ஜிடேன் எதனால் ஜெயித்தார்? அன்செலோட்டிக்கு உதவியாளராக ஒரு பருவம், பிறகு மூன்றாம் அடுக்கு லீகில் இரண்டாம் அணிப் பயிற்சி என்று அவர் கழித்த காலம் இந்தக் கட்டுரையில் ஏன் இல்லை? சொன்னால் ‘தானாக விழுந்தது’ என்ற கதை விழுந்துவிடும். வரைபடம் போட்டு விளக்குவதையே பிழைப்பாகக் கொண்டவர்களுக்கு, விளக்கம் சொல்லாமல் ஜெயிக்கிறவன் எப்போதும் ஆபத்துதான்.

வேடிக்கை என்னவென்றால், ஜிடேனைத் தாக்க உண்மையான ஆயுதங்கள் இருக்கின்றன: 2017–18 லீகில் பார்சிலோனாவுக்கு 17 புள்ளிகள் பின்தங்கி மூன்றாம் இடம், 2021இல் மூன்றாம் அடுக்கு அல்கோயானோவிடம் கோப்பைத் தோல்வி. நண்பர் கையில் அவை ஒன்றும் இல்லை. எதிரியை நான்தான் ஆயுதபாணியாக்க வேண்டியிருக்கிறது.

மறுப்பு எழுதுவார், எழுதட்டும். அதற்கு முன் 2015 நவம்பர் ஆட்டத்தையும் 2016 ஏப்ரல் ஆட்டத்தையும் அடுத்தடுத்து முழுதாகப் பார்க்கட்டும். பந்தைப் பார்க்கவேண்டாம், இரண்டாவது ஆட்டத்தில் 14ஆம் எண் சட்டைக்காரர் காஸெமிரோ எங்கே நிற்கிறார் என்று பார்த்தால் போதும்.